தொடாமல் முனகிய கிட்டார்

மதுரையில் மெல்லிசைக் குழு நடத்தும் தெய்வநாயகம் வெளிநாட்டிலிருந்து ஒரு பேஸ் கிட்டார் வரவழைத்தார். வாசிக்க அல்ல, காட்ட. ஒத்திகைக்கு யார் வந்தாலும் மூன்று சுரம் தட்டிவிட்டு, ஸ்பீக்கர் வயரைக்கூடக் கழற்றாமல் ஸ்டாண்டில் சாய்த்துவிடுவார். குழுவில் பேஸ் வாசிக்கும் சவரிக்கோ விரல் தோலை உரிக்கும் பழைய கிட்டார்தான். எட்டு மாதமாகப் புதியதைப் பார்த்துப் பார்த்தே ஏங்கினான்.

“ஒரே ஒரு பாட்டுக்குத் தாங்கண்ணே.”

“தொடாமலே அதுல சத்தம் வரவைடா. அப்புறம் நீயே வச்சு வாசி,” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார் தெய்வநாயகம்.

சவரி தன் ஸ்பீக்கரைப் புதிய கிட்டாருக்கு எதிரே இழுத்துப் போட்டு, பழைய கிட்டாரின் தடித்த கம்பியை ஓங்கி மீட்டினான். ஹாலே அதிர்ந்தது.

“இது உன்னோட சத்தம்டா!”

சவரி உள்ளங்கையால் தன் கம்பிகளை அமுக்கினான். நாதம் நிற்கவில்லை. ஸ்டாண்டில் இருந்த புதிய கிட்டாரின் தடித்த கம்பி, அதே சுரத்தில் தானாக முனகிக்கொண்டிருந்தது.

“என்னோடது வாயை மூடிருச்சுண்ணே. இப்பப் பேசுறது யாரு?”

தெய்வநாயகம் விலகி நின்றார். சவரி அதை எடுத்து மடியில் வைத்தான். விரல் பட்டதுமே கம்பி இணங்கிக் கொடுத்தது. எட்டு மாதமும் ஏங்கியது தான் ஒருவன்தான் என்றல்லவா அவன் நினைத்திருந்தான்!