செயலாளர் கார் மேல் ஒரு வாளித் தண்ணீர்

பெருங்குடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சங்கச் செயலாளர் தெய்வநாயகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், உப்பை நீக்கும் இயந்திரம் வேண்டும் என்று யார் கேட்டாலும், "இது இளநீர் மாதிரித் தண்ணி" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

அவர் புதிதாக வாங்கிய கறுப்புக் காரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் விழுந்தன. கார் கழுவும் அஞ்சலாட்சியைச் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"தண்ணில என்னத்தக் கலந்த? நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

வேலையை விடுவதில்லை என்று அஞ்சலாட்சி முடிவு செய்தாள்.

"எதுவும் கலக்கல சார். ஈரம் காயறதுக்குள்ள துடைக்கணும்னு சொன்னேன். துணி பட்டா பெயிண்ட்ல கீறல் விழும்னு நீங்கதான் தடுத்தீங்க."

"நல்ல தண்ணி தானா காஞ்சா புள்ளி விழாது."

"அப்ப எல்லாரும் பாக்கட்டும் சார்."

குழாயில் ஒரு வாளி பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்ற கார் பக்கம் போனாள். கூட்டமும் பின்னால் போனது.

"இப்ப ஊத்தறேன். காஞ்சதும் புள்ளி விழலைன்னா நானே போயிடறேன்."

வாளியைத் தூக்கினாள். தெய்வநாயகம் ஓடிவந்து காரை மறித்து நின்றார்.

"ஊத்தாத. அவ்வளவும் உப்பு. பெயிண்ட் போயிடும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. முதல் மாடி ரெஜினா டீச்சர் சிரித்துவிட்டார்.

"இந்த உப்பைத்தான் சார் நாங்க தலையில ஊத்திக்கிறோம்."

அங்கேயே, காரைச் சுற்றி நின்றபடியே, இயந்திரம் வாங்க எல்லாரும் கை தூக்கினார்கள். தெய்வநாயகமும் தூக்கினார்.

அஞ்சலாட்சி வாளியை இறக்கி வைத்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு சார் வரட்டும்?"

"எப்பவும் வர்ற நேரத்துக்கே வாம்மா," என்றார் அவர்.