முதுகில் பட்ட காயம்

குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். அதனால் ‘சேந்தரே’ என்று மரியாதையாகத்தான் குரு கூப்பிடுவார். மடத்துக்கு வந்த ஆறு வருடமும் சேந்தர் பாத்திரம் தேய்த்தாரே தவிர, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஒரு கோடை மத்தியானம், கரி படிந்த கையோடு வந்து குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

“சாமி, வாசல்ல ஒரு அம்மா நிக்கறாங்க. உப்பளத்துக்காரங்க. போர்ல செத்த மகனுக்கு நடுகல் வைக்கணுமாம். காயம் நெஞ்சில பட்டிருந்தாத்தான் கல்லுன்னு ஊர்ல சொல்லிட்டாங்களாம். அதே படையில நான் இருந்தேன்னு தெரிஞ்சு கேக்க வந்திருக்காங்க.”

“காயம் எங்க?”

“முதுகில.”

“பார்த்தீங்களா?”

“குத்தினதே நான்தான்.”

குரு விசிறியைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு ஓர் ஆள் என்று முரசறைந்து பிடித்துப் போனவர்களில் அந்த அம்மாவின் மகன் கடம்பனும் ஒருவன். ஈட்டியை எப்படிப் பிடிப்பது என்றே அவனுக்குத் தெரியாது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்தவன், நடையில் எப்போதும் கடைசி. பாதி வயிற்றுக்குக் கஞ்சி ஊற்றினாலும் அதில் உப்புக் குறைவு என்று மட்டும்தான் குறைப்படுவான். சேந்தரும் அப்படிப் பிடிபட்டு வந்தவர்தான், பாவம். ஆள் வாட்டசாட்டமாக இருந்ததால் பின்வரிசையில் நிறுத்தினார்கள். ஓடுகிறவனைக் குத்துவது பின்வரிசையின் வேலை.

“பயந்து ஓடினானா?”

“மூஞ்சியில பயமே இல்ல சாமி. எதிரி இன்னும் கிட்ட வரவேயில்ல. அண்ணாந்து பார்த்தான். ‘கொஞ்சம் தள்ளுங்கண்ணே’ன்னு என்னை விலக்கிட்டு ஓடினான். எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல. குத்திக் குத்தி நானும் அலுத்துப் போயிருந்தேன், ஏன்னு கேக்காமலே குத்திட்டேன். இப்ப அவங்ககிட்ட என்ன சொல்ல?”

வெளியே வெயில் மங்கியது. கிழக்கே மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. வாசலில் நின்ற தாய் அண்ணாந்து பார்த்தாள். கேட்க வந்ததையே மறந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

சேந்தர் வாசலுக்கு விரைந்தார். “அம்மா, எங்க ஓடறீங்க?”

“மழை வருது சாமி. உப்பு அள்ளாம பாத்தியிலயே கெடக்குது.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் நாலு கல் தொலைவு.

சேந்தர் அண்ணாந்து பார்த்தார். கடம்பன் ஓடிய அன்றைக்கும் இப்படித்தான் மேகம் கறுத்திருந்தது.

குரு உள்ளே போய்ப் பனையோலைக் கூடை ஒன்றை எடுத்து வந்தார்.

“சாமி, நான் என்ன சொல்லட்டும்?”

“நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ஆனா முதல்ல உப்பை அள்ளுங்க,” என்று கூடையை நீட்டினார் குரு. “அந்த அம்மா முதுகு தெரியுதில்ல, அதுக்குப் பின்னாலயே போங்க சேந்தரே. இந்தத் தடவை கையில கூடை இருக்கட்டும்.”