சங்ககிரி மேட்டு மழை

"கம்ப்யூட்டர் என்னைத் திருடன்னு சொல்லிருச்சு, அம்மிணி" என்றார் ஆறுச்சாமி.

கோவையில் ஏழு ஆட்களை வைத்து மாவு கிரைண்டர் செய்து விற்பவர் அவர். எதிரே அமர்ந்திருந்த வரி ஆலோசகர் மரகதம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆயினும் அந்த வட்டாரத்துச் சிறு முதலாளிகள் அவரிடம் மாணவர்போல் அடங்கியே பேசினர்.

வரித்துறையிலிருந்து அவருக்கு வந்திருந்த நோட்டீஸை மரகதம் முழுவதும் வாசித்தார்.

"திருடன்னு எந்த வரியில இருக்குதுங்ணா?"

"வேற என்ன அர்த்தமுங்க? சேலத்துக்கு அனுப்பினது ஒரு லோடு. ரெண்டு லோடு போச்சுங்குது. ஒண்ணுக்குத்தான் வரி காட்டியிருக்கேனாம்."

"மறைச்சீங்கன்னு எழுதியிருக்கா?"

ஆறுச்சாமி யோசித்தார்.

"இல்லீங்க. ஏன் வித்தியாசம்னு கேட்டிருக்கு."

"கேட்டிருக்கு" என்றார் மரகதம்.

பதிலளிக்க அன்றே கடைசி நாள். தவறினால் வரிப் பதிவு எண் முடங்கும். முடங்கினால் சேலத்துக் கடைகள் சரக்கெடுக்க மாட்டா. ஏழு வீட்டு அடுப்புகளும் அந்த எண்ணை நம்பியே எரிந்தன.

ஆறுச்சாமி பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து நீட்டினார். வேறோர் ஆலோசகர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த பதில் அது.

"பதினோரு செக்ஷன் போட்டிருக்காருங்க. நீங்க இன்னும் நாலு சேர்த்துக் குடுத்தா ஆபீசரே மிரண்டுருவாரு."

மரகதம் அத்தாள்களை வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"லோடு போன அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"அதை எதுக்குங்க கேக்குறீங்க? சங்ககிரி மேட்டுல பேய் மழை. நானும் வண்டியிலதான் இருந்தேன். அச்சு முறிஞ்சு போச்சு. நாப்பது கிரைண்டரும் நனையுது. ஈரோட்டுல வெங்காயம் இறக்கிட்டுக் காலியாப் போன லாரிக்காரன் ஒருத்தன், மகராசன், நிறுத்தினான். அதுல மாத்தி ஏத்திட்டு, சரக்கோட போற மின்சீட்டு இருக்குதில்லீங்களா, அந்த லாரிக்கும் போன்லயே ஒண்ணு போட்டேன்."

"பழைய சீட்டுலயே வண்டி நம்பரை மாத்தியிருக்கலாமே?"

"வேற வண்டின்னா வேற சீட்டுத்தானுங்களே! முப்பது வருசமாக் கைச்சீட்டு அப்படித்தான் எழுதினேன்."

"பழையதை ரத்து பண்ணலியா?"

"கையில எழுதினதுன்னா கிழிச்சுப் போட்டிருப்பேன். போனை எப்படிங்க கிழிக்கிறது?"

மரகதம் வாய்விட்டுச் சிரித்தார்.

"ரெண்டு சீட்டுலயும் பில் நம்பர்?"

"ஒண்ணேதானுங்க. சரக்கே ஒண்ணுதானே."

"அச்சு மாத்தின ரசீது?"

"பட்டறைக்காரன் குடுத்தது இந்தப் பையிலயே பத்திரமா இருக்குதுங்க."

மரகதம் கவிழ்த்து வைத்த தாள்களை நிமிர்த்தி அவர்முன் நகர்த்தினார்.

"அந்த மழை இதுல எங்கே இருக்குன்னு காட்டுங்க."

ஆறுச்சாமி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். சங்ககிரியைத் தேடி முதல் தாளில் விரல் ஓட்டினார். இரண்டாம் தாளில் ஓட்டினார். நான்காம் தாளின் அடியில் விரல் நின்றது.

"காணோமுங்க."

மரகதம் எழுந்தார். தம் நாற்காலியைக் கணினியின் முன்னே இழுத்துப் போட்டார். "உக்காருங்ணா, நடந்ததைத் தமிழ்லயே எழுதுங்க."

"நானா? தமிழ்லயா?"

"நீங்கதானே நனைஞ்சீங்க?"

ஆறுச்சாமி அமர்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டினார். வெளியே இரண்டு பேர் காத்திருந்து காத்திருந்து தேநீர் குடிக்கப் போய்விட்டனர். பதினான்கு வரிகள் ஆயின. இரண்டு சீட்டுகளையும் ரசீதையும் படமெடுத்து மரகதம் இணைத்துக் கொடுத்தார்.

"ஆபீசர் நம்புவாருங்களா?"

"நான் நம்பினேனே."

அனுப்பும் பொத்தானை நோக்கிச் சென்ற விரல் பாதியில் நின்றது.

"என்னங்ணா, பயமா?"

"இல்லீங்க அம்மிணி" என்றார் ஆறுச்சாமி. "அந்த வெங்காய லாரிக்காரன் பேரை எழுத மறந்துட்டேன்."