கரடியாருக்குப் போன கூழாங்கல் லோடு

இந்தக் கதையில் ஒரு நரி வருகிறது. அதைப் பார்த்து நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள், சத்தியம். ஆனால் இப்போது இல்லை. முதலில் ஒரு காளை அழ வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டில் சரக்கு அனுப்பும் தொழில் நரி நல்லமுத்துவுடையது. கடற்கரை உப்பு மலைக்குப் போக வேண்டுமா, மலைப்பலா கடற்கரைக்கு வர வேண்டுமா, நல்லமுத்துவிடம் சொன்னால் போதும். ஆலமரத்தடியில் படுத்தபடியே அனுப்பிவிடும். தூக்கிக்கொண்டு நடப்பது காளைகளும் கழுதைகளும்.

கோடையில் புல் கிடைக்கும் ஒரே இடமான ஆற்றோரப் புல்வெளியையும் நரி வளைத்துப் போட்டிருந்தது. வாசலில் இரண்டு முரட்டுக் காளைகளைக் காவலுக்கு நிறுத்தியிருந்தது. எதிர்த்துப் பேசினால் வீட்டிலிருப்பவர்களுக்குப் புல் கிடையாது. அதனால் யாரும் பேசவில்லை.

நெடுந்தூரம் போகிற லோடுகளெல்லாம் வீரணன் என்ற சாம்பல் நிறக் காளையின் முதுகில்தான் ஏறும். ஒவ்வொரு நடை முடிந்ததும் அது வந்து நின்று, வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று கேட்கும்.

"தாராளமா போப்பா. நாளைக்கே போ," என்று நரி குழையும். "இந்த ஒரு லோடை மட்டும் இறக்கிட்டு வந்துரு. சும்மா திரும்பாதே, ரிட்டர்ன் லோடு கிடைக்கிறவரைக்கும் நில்லு."

ரிட்டர்ன் லோடு கிடைக்கும். அது வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும். எப்போதும் அப்படித்தான்.

ஒரு முறை மழையில் பாதை அடைபட்டு, வீரணன் வழி மாறி வீட்டுப் பக்கமாக வந்துவிட்டது. வாசலில் அதன் கன்று தாழை துள்ளிக்கொண்டிருந்தது. வீரணன் ஆசையாக மூக்கை நீட்டியது. தாழை துள்ளிப் பின்வாங்கி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது.

"அம்மா, யாரோ லோடு இறக்க வந்திருக்காங்க!"

பசு பூரணி ஓடி வந்து, அது உன் அப்பா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. தாழை நம்பவில்லை. அப்பா என்றால் வீட்டில் இருப்பவர். இவர் முதுகில் மூட்டையோடு நிற்கிறாரே! அம்மாவின் பின்னால் போய் ஒளிந்த கன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மழை விட்டதும் வீரணன் கிளம்ப வேண்டியதாயிற்று. ஓடை தாண்டும்வரை அழுதுகொண்டே போனது.

சிரிப்பா? அட, இருங்கள்.

இதையெல்லாம் புங்கமரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது பவளம் என்ற மைனா. அதன் தொண்டை ஒரு தனிப் பிறவி. புலி மாதிரி உறுமும். தவளை மாதிரி கத்தும். குரங்குத் தம்பதியின் சண்டையை ஒற்றை ஆளாகப் போட்டுக் காட்டி, கடைசியில் மாமியாராக வந்து விலக்கியும் வைக்கும். பூரணி அதைக் கீழே கூப்பிட்டது. லீவு என்றால் நல்லமுத்துவுக்குக் காது கேட்காது, லோடு என்றால் தூக்கத்திலும் கேட்கும் என்று சொன்னது. அப்புறம் இரண்டும் தலையைச் சேர்த்துக்கொண்டு வெகுநேரம் குசுகுசுத்தன.

மறுநாள் ஆலமரத்துக்குப் பின்னால் இருந்த புதரிலிருந்து கனத்த குரல் ஒன்று கேட்டது.

"யாருய்யா இங்க நல்லமுத்து?"

நரி பதறி எழுந்தது. தான், மலைக்கு அந்தப் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்த கரடி என்றது குரல். கண்வலியாம், வெளிச்சம் ஆகாதாம், அதனால் வெளியே வர முடியாதாம். குகையில் படுக்கை மாதிரிப் பரப்ப ஆற்றுக் கூழாங்கல் வேண்டும். பௌர்ணமிதோறும் ஒரு லோடு. அந்தச் சாம்பல் காளைதான் கொண்டுவர வேண்டும், மற்றவர்கள் வழியெல்லாம் சிந்திவிடுவார்கள்.

"இறக்கினதும் ஆளை அனுப்ப மாட்டேன்," என்றது குரல். "நான் படுத்துப் பாத்து, உறுத்துதா இல்லையான்னு சொல்றவரைக்கும் நிக்கணும். நாலு நாளாவது ஆகும்."

வீரணன் நாலு நாள் லீவு கேட்டிருந்தால் நரிக்கு மயக்கம் வந்திருக்கும். ஆனால் லோடு இறக்குகிற இடத்தில் நாள்கணக்கில் நிறுத்திவைப்பது அந்தத் தொழிலில் புதிதா என்ன? நிற்கப்போவது காளைதானே! நரி உடனே தலையாட்டிவிட்டு, கூலியைப் பற்றிப் பணிவாக விசாரித்தது.

"தேன்," என்றது குரல். "மலை முழுக்க இருக்கு. நாளைக்குத் தர்றேன்."

ஓடையைத் தாண்டி, இரட்டைப் பாறையில் இடப்பக்கம் திரும்பி, புங்கமரத்தடியில் போய் நில் என்று, கரடிக் குரல் சொல்லியிருந்த வழியை நரி அப்படியே சொன்னதை வீரணன் கேட்டுக்கொண்டது. அது தன் வீட்டுக்குப் போகிற பாதை. வீட்டைப் பார்த்துக்கொண்டே யாரோ ஒரு கரடிக்குக் கல் இறக்க வேண்டுமா? போய் நின்றால், தன் வீட்டு வாசல்! கரடியார் வீடு எது என்று அது பூரணியிடமே கேட்டது, பாவம்.

"மூட்டையை இறக்கிட்டுப் படுய்யா," என்றது மரத்துக்குள்ளிருந்து கரடிக் குரல். "நாலு நாளைக்கு நகரக் கூடாது."

விஷயம் புரிந்ததும் வீரணன் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

நரிக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். எந்தக் காளையின் வீடு எங்கே இருக்கிறது என்பதே நல்லமுத்துவுக்குத் தெரியாது. ஒரு நாளாவது அனுப்பியிருந்தால்தானே!

பௌர்ணமிதோறும் லோடு போயிற்று. முதலில் தாழை தூர நின்று முறைத்தது. அடுத்த தடவை கிட்டே வந்து கூழாங்கல்லை முகர்ந்தது. பிறகு, நிலா வளரத் தொடங்கினாலே ஓடைக்கரையில் போய் நின்று பாதையைப் பார்க்க ஆரம்பித்தது. ஆனால் வீரணனை இன்னும் எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. வீரணனும் கேட்கவில்லை. சொன்ன நாளில் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நரியோ ஒவ்வொரு லோடுக்கும் தேன் கேட்டது. ஒவ்வொரு தடவையும் புதர் நாளைக்கு என்றது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நல்லமுத்து, ஒரு பௌர்ணமிக்கு வீரணனை அனுப்பிய கையோடு தானும் கிளம்பியது. மலை முழுக்கத் தேன் ஆயிற்றே! இருந்த காளை, கழுதை எல்லாவற்றையும் காலிக் கூடைகளோடு வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தது. புல்வெளி வாசலில் நின்ற காவல் காளைகளைக்கூட விடவில்லை.

புங்கமரத்தடியில் வீரணன் படுத்திருந்தது. அதன் மேல் தலை சாய்த்துத் தாழை தூங்கிக்கொண்டிருந்தது. பூரணி நரியைக் கண்டுவிட்டது. மாட்டினால் வீரணனுக்கு வீடும் போச்சு, கன்றுக்குப் புல்லும் போச்சு.

"கரடியாரய்யா இருக்காங்களா?" என்றது நரி.

இலைகளுக்குள்ளிருந்து கரடிக் குரல் வந்தது. "மரத்து மேல காத்து வாங்குறேன். அண்ணாந்து பாக்காதே, கண்வலி ஒட்டிக்கும்."

நரி இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு கும்பிட்டது.

"தேன் இருக்கட்டும். நானும் ஆள் வச்சுத் தொழில் பண்ணலாம்னு பாக்குறேன். உன் ஆளுங்க வீட்டுக்குப் போகணும்னு கேக்க மாட்டாங்களா?" என்றது குரல்.

நரிக்குப் பெருமை தாங்கவில்லை. "கேப்பாங்கய்யா. இல்லைன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. நாளைக்குன்னு சொல்லணும். அதை நம்பி இன்னொரு லோடு தூக்குவாங்க."

"புள்ளைங்க தேடாதா?"

"கொஞ்ச நாள் தேடும். அப்புறம் மறந்துடும். அதுக்கப்புறம் இவங்களுக்குப் போக இடம் ஏது? நமக்கு வசதி."

வரிசையில் கிழட்டுக் கழுதை ஒன்று வாய் பிளந்து நின்றது. அதுவும் எத்தனையோ காலமாக நாளைக்குப் போவதாகத்தான் இருந்தது. அது ஓசைப்படாமல் கூடையைக் கீழே வைத்தது. பக்கத்துக் காளையும் வைத்தது.

"அந்தத் தேன், ஐயா?" என்றது நரி, மூடிய கண்ணோடு.

"நாளைக்கு," என்றது குரல்.

இந்தப் பேச்சில் தாழை விழித்துக்கொண்டது. நரி மரத்தைக் கும்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அதற்கு ஒன்றும் புரியவில்லை. வீரணனை முட்டி எழுப்பியது.

"அப்பா! அப்பா! இந்த நரி எதுக்கு நம்ம மைனாவைக் கும்பிடுது?"

முதல் வார்த்தைக்கு மேல் வீரணனுக்கு எதுவும் கேட்கவில்லை.

நரி கண்ணைத் திறந்தது. கன்றைப் பார்த்தது, காளையைப் பார்த்தது. அப்பாவா? அண்ணாந்து பார்த்தது. கிளையில் மைனா ஒன்று, சின்னக் கரடி மாதிரி உறுமிக் காட்டியது. வாசலெங்கும் தான் அனுப்பிய கூழாங்கற்கள் பரந்து கிடந்தன. எல்லாரையும் பிடித்துக் கட்டச் சொல்லிக் கத்தலாம் என்று நரி திரும்பியது. பின்னால் காலிக் கூடைகள் மட்டும் வரிசையாக இருந்தன. காவல் காளைகளும் இல்லை, இனிப் புல்லை மறிக்க ஆளில்லை. காட்டில் நாலு பக்கமும் குளம்புச் சத்தம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டைப் பார்த்து.

உழைக்கிறவர் வீடு திரும்பும் நாளை வெறும் வாய்ச்சொல்லால் தள்ளிப்போடுகிறவருக்கு, கடைசியில் வாய்ச்சொல்லே கூலியாக வந்து சேரும்.