கரிவாலன் நிறுத்திய விளையாட்டு

மூங்கில் காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டம் இருந்தது. வேட்டைக்குக் கிளம்பும் முன்னால் அவை மூக்கோடு மூக்கு உரசும், மண்ணில் புரளும், ஒன்றன் வாலை ஒன்று கவ்வி இழுக்கும். அப்புறம்தான் ஓட்டம்.

புதிதாகத் தலைமைக்கு வந்த கரிவாலனுக்கு இது பிடிக்கவே இல்லை. மழை பொய்த்த வருஷம் அது. தாயில்லாத அவன் குட்டிகள் குகையில் பசியால் முனகிக்கொண்டு கிடந்தன. வயிறு காயும்போது கூத்து என்ன வேண்டிக் கிடக்கிறது?

"இனிமேல் இந்தக் கொஞ்சல் குலாவல் எல்லாம் கிடையாது! விடிந்ததும் நேரே வேட்டை! பாய்ந்து கடிக்கிறவனுக்கு முதல் பங்கு! சும்மா வழிமறிக்கிறவன் மிச்சத்தைத் தின்னட்டும்!" என்று உறுமினான்.

அவன் அக்கா மின்னி தயங்கித் தயங்கி வந்தாள். "தம்பி, வழிமறிக்க ஆள் இல்லாவிட்டால் மான் எப்படியடா சிக்கும்? யாருக்குக் கால் வலிக்கிறது, யாருக்கு மனசு சரியில்லை என்று அந்த விளையாட்டிலேதானே நமக்குத் தெரிகிறது?"

"மனசாவது மண்ணாங்கட்டியாவது! போய் வேலையைப் பார்!"

மின்னி போய்விட்டாள். அதற்கப்புறம் யாரும் அவனிடம் வாய் திறக்கவில்லை.

முதல் நாள் ஒரு மான் விழுந்தது. கரிவாலனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எல்லாரும் கடிக்கத்தான் ஓடினார்கள். ஓடைப் பக்கம் மறிக்க ஒருவனும் நிற்கவில்லை. மான்கள் அந்த வழியாகவே தப்பித்தன. ஒவ்வொரு தடவையும் கரிவாலன் யாராவது ஒருவனைப் பிடித்து, எல்லார் முன்னாலும் காதைக் கடித்துக் குதறினான்.

"தண்டச்சோறுகளா! என் குட்டிகள் சாகட்டும் என்று பார்க்கிறீர்களா?"

எல்லாரும் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். சொன்னதைச் செய்தார்கள், அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை.

ஒருநாள் பெரிய காட்டுப்பன்றி ஒன்று மாட்டியது. குட்டிகளுக்கு வயிறார இறைச்சி! கரிவாலன் தானே முன்னால் பாய்ந்தான். மற்றவர்கள் பின்னாலிருந்து பாய்வார்கள் என்று நம்பித்தான் பாய்ந்தான், பாவம். பன்றி சட்டென்று திரும்பியது. அதன் கோரைப்பல் அவன் வயிற்றைக் கிழித்தது.

"வாங்கடா! பின்னாலே பிடிங்கடா!" என்று அலறினான்.

"போய் ஏதாவது தப்பாகிவிட்டால் காதைக் கடிப்பானே!" என்று முணுமுணுத்தான் ஒருவன்.

"சொல்லட்டும், யார் போகணும் என்று பெயர் சொல்லட்டும்!" என்றான் இன்னொருவன்.

மின்னி மட்டும் ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் பன்றி மறுபடியும் குத்திவிட்டுப் புதருக்குள் மறைந்துவிட்டது.

"அக்கா... குட்டிங்க..." என்றான் கரிவாலன். அதோடு அவன் மூச்சு நின்றது.

கூட்டம் மூலைக்கு ஒன்றாகச் சிதறியது. தனி ஒருத்தியாக மின்னிக்கு எலிதான் அகப்பட்டது. ராப்பகலாய் அலைந்தும் அவளால் அந்தக் குட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. மழை வந்தபோது குகை காலியாகக் கிடந்தது.

கூட வேலை செய்கிறவர்களின் மனசை மிதிக்கிற தலைவனுக்கு, உயிர் போகிற நேரத்தில் உதவ அவர்கள் ஓடிவர மாட்டார்கள்.