சிவப்புக்காகக் காத்திருந்த கேமரா

முன்னொரு காலத்தில், சாயப்பட்டறைகள் நிறைந்த ஓர் ஊரின் ஓரமாக ஓர் ஆறு ஓடியது. பட்டறைகள் அன்றைக்கு எந்த நிறத்தில் துணியை நனைத்தனவோ, அந்த நிறம்தான் ஆற்றுக்கும்.

கல்யாணங்களுக்குப் படம் எடுத்துவந்த பூங்கோதை ஒருநாள் பாலத்தில் நின்று கீழே பார்த்தாள். கரை நெடுகச் செத்த மீன்கள் ஒதுங்கிக் கிடந்தன. அன்றோடு கல்யாண வேலையை விட்டாள்.

அவளுடைய கேமரா ஆற்றிடம், “உன் பேச்சு ஊருக்குக் கேட்காது. உனக்காக நான் பேசுகிறேன்” என்றது.

பேசவும் செய்தது. மீன்களின் படம் பத்திரிகையில் வந்ததும் அதிகாரிகள் பட்டறைகளைப் பூட்டினார்கள். ஆறு கொஞ்சம் மூச்சுவிட்டது. பிறகு பூட்டுகள் சத்தமில்லாமல் திறந்தன.

பூங்கோதை மறுபடி வந்தாள். வருஷம் தவறாமல் வந்தாள். கண்காட்சிகள் நடந்தன, விருதுகளும் கிடைத்தன. ஆனால் பத்திரிகைக்காரர்கள், இதெல்லாம் பார்த்ததுதானே, இதைவிட அழுத்தமாக ஏதாவது இல்லையா என்று கேட்கத் தொடங்கினார்கள். பூங்கோதைக்கு வலித்தது. கேமராவுக்குப் பசித்தது.

ஒருமுறை அவள் போனபோது ஆறு அதிசயமாகத் தெளிந்திருந்தது. கரையில் மாடு மேய்க்கும் பழனாத்தாள் வழக்கம்போல் அவளுக்கு மோர் கொடுத்தாள். மாட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புல் அறுக்கப் போனாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வந்தால், அந்தச் சாக்கில் பட்டறைக்காரர்கள் சாயக்கழிவுக் குழாயைத் திறந்துவிடுவார்கள் என்பது பூங்கோதைக்கு நன்றாகத் தெரியும்.

திறந்தார்கள். தண்ணீர் ரத்தச் சிவப்பாகப் புரண்டு வந்தது. தாகத்தோடு நின்ற வெள்ளை மாடு அதில் கால் வைத்தது.

“மாட்டை விரட்டு” என்றது ஆறு.

“பொறு. இன்னும் கொஞ்சம் தலை குனியட்டும்” என்றது கேமரா.

“அது குடிக்கப்போகிறது.”

“இந்த ஒரு படம் போதும். உன் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும்.”

“குடிக்கிறது” என்றது ஆறு.

பூங்கோதைக்குத் தொண்டைவரை சத்தம் வந்தது. கத்தினால் மாடு நிமிர்ந்துவிடும். அவள் விரல் முந்திக்கொண்டது.

விடிவதற்குள் மாடு வாயில் நுரை தள்ளிச் செத்தது. படத்துக்குப் பெரிய விருது கிடைத்தது. அவளுடைய பொறுமையை மேடையில் எல்லாரும் புகழ்ந்தார்கள். பட்டறைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

நடந்ததைச் சொல்லிவிடுவது என்று பூங்கோதை பழனாத்தாளைத் தேடிப் போனாள். ஆனால் கையிலிருந்த படத்தை மட்டும் நீட்டினாள். பழனாத்தாள் அதை மடியில் வைத்து, மாட்டின் முதுகை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு பூங்கோதையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க மட்டும் இல்லீன்னா, என்ற மாடு செத்தது ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க, அம்மிணி.”