பாதியில் நின்ற சிரிப்பு

பனிமலை ஒன்றின் அடிவாரத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் கூடாரம் அடித்திருந்தார்கள். குரு யாங்சோம், நாற்பது வயதுப் பெண், அந்த மலையிலேயே பிறந்தவர். சீடர் சௌரிராஜன், ஐம்பத்தெட்டு வயது, தஞ்சைப் பக்கத்து நாகசுரக்காரர். வானம் இன்னும் பன்னிரண்டு நாள்தான் தெளிவாக இருக்கும். அதற்குள் உச்சி ஏறாவிட்டால் சீடரின் வயதுக்கு இன்னொரு பயணம் வாய்க்காது.

முதல் நாள் இருவரும் மேல் முகாமுக்கு ஏறினார்கள். குரு ஒரு கதை சொன்னார்.

"அவசரக்கார வியாபாரி ஒருவர் தம் எருதை விட்டுவிட்டுக் கணவாய் உச்சிக்கு ஓடினார். அங்கே நின்று, 'சீக்கிரம் வா!' என்று கத்தினார். எருது சொன்னது: 'நீங்கள் போய்விட்டீர்கள், முதலாளி. உங்கள் மூச்சு இங்கே என்னோடு புல் மேய்கிறது. வயிறு நிறைந்ததும் இரண்டு பேரும் வருகிறோம்.'"

இந்தக் கதையில் எருதுக்குப் பதில் குதிரை என்று சொல்வோரும் உண்டு. குதிரைக்கு அத்தனை நிதானம் ஏது?

சீடர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது.

"இறங்குவோம், ஐயா," என்றார் குரு.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினார்கள். அதே கதை, அதே இருமல். இறங்கும் வழியில் சீடருக்குப் பொறுக்கவில்லை.

"குருவம்மா, பாடுபட்டு ஏறினதை ஏன் இறங்கித் தொலைக்கிறோம்? முப்பது வருஷம் நாகசுரம் ஊதின மூச்சு இது! பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் மேலேயே தங்கிவிட்டார்கள்."

"நேற்றைவிட இன்று ஒரு வாய் கூடுதலாகச் சோறு சாப்பிட்டீர்கள். கவனித்தீர்களா?"

"சோறு சாப்பிடவா மலைக்கு வந்தேன்?"

குரு சிரித்தார், முழுச் சிரிப்பு.

மறுநாள் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் மேலே காற்று போதாமல் தலையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி இறங்கி வந்தார்கள். சீடர் அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

நான்காம் முறை ஏறியபோது தெளிந்த வானத்துக்கு நான்கு நாள் மீதமிருந்தது. குரு வாய் திறக்குமுன், "இந்த முறை நான் சொல்கிறேன்," என்றார் சீடர். எருதின் பேச்சைக் கட்டைக் குரலில் பேசிக் காட்டினார். தாமே சிரித்தார். சிரிப்பு நீண்டது; நாகசுரச் சீவாளியில் வாய் வைத்து ஊதின மாதிரி இழைந்து நீண்டது. கூடாரத்தின் மேலிருந்த பனி பொத்தென்று சரிந்தது.

"இனி மேலே போகலாமா, குருவம்மா?"

"போகலாம், ஐயா."

சீடர் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"அங்கே போய்ச் சிரிப்பு மறுபடி பாதியில் நின்றுவிட்டால்?"

குரு கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இறங்கி வந்து மீதியைச் சிரிப்போம்."